எச்சம்

செவ்வாய்ப்பேட்டை. லீ பஜாருக்குப் பின்சந்து, மூன்றாம் மாடி.
கீழே வெல்லமண்டி.
அந்த வாசனை எங்கள் சர்வர் அறைவரை படியேறி வரும்.

காலை பதினொன்றரைக்கு ஜவ்வரிசி ஏலம்.
ஆத்தூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும்
ஒரே நொடியில் விலை கேட்பார்கள், வாயால் அல்ல, விரலால்.
ஒவ்வொரு விலைக்கும் ஓர் இழை எழும்.
மெலிசு. பத்தாயிரம் இழைகள் படுத்திருக்க
ஒன்று மட்டும் விழித்திருக்கும் இயந்திரம்.
விழித்ததன் கையில் ஒரு குட்டி லுவா:
சின்ன அடுக்கு, நாலைந்து எண்,
எத்தனை மூட்டை, என்ன விலை, யார்.
கணக்கு முடிந்ததும் எறிந்துவிடும்.

இழைக்கு ஓர் இலை.
உண்டால் மடி, எறி, அடுத்ததை விரி.
ஆறு மாதம் அப்படித்தான் ஓடியது.
எச்சிலிலை குவிந்த நேரம் பார்த்து
குப்பை அள்ளுகிறவன் வந்து பந்தியையே நிறுத்துவான்,
நூற்றெண்பது மில்லிசெகண்ட்.
ஓர் இமைப்பு.
அந்த இமைப்பில் ராசிபுரம் சென்றாயன்
இரண்டு லோடு இழந்தார்.
போனில் திட்டவில்லை.
“என் விரல்தானுங்க முந்துச்சு” என்றார்.
திட்டியிருக்கலாம்.

இலை எதற்கு, தட்டு வைப்போம் என்றான் ரியாசுதீன்.
ஒரு நேரத்தில் ஒருத்தன்தானே விழித்திருக்கிறான்,
ஒரே தட்டு போதாதா, கழுவிக் கழுவி?
சரியாகத்தான் பட்டது எனக்கும்.
நாற்பது வரி. மதியத்துக்குள் ஏற்றிவிட்டோம்.
குப்பைக்காரன் தூங்கிப் போனான்.
திரையில் கோடு, காற்றில்லாத நாளின் மூக்கனேரி.
தட்டுவடை செட் வாங்கித் தின்றோம், ஆளுக்கு மூன்று,
பீட்ரூட் விரலெல்லாம் ஒட்ட.

வியாழக்கிழமை
காகாபாளையத்து மூட்டைகள்மேல்
வேறு யாரோ கேட்ட விலை விழுந்தது.
நாலாயிரத்து இருநூற்று முப்பது.
கேட்டவர் கேட்கவில்லை என்றிருந்தது பதிவேட்டில்.
கேட்காதவர் கேட்டிருந்தார்.

இரவு ஒன்பதிலிருந்து தேடினேன்.
பூட்டில் இல்லை. வட்டில் இல்லை. வலையில் இல்லை.
ஒன்பதாம் வகுப்பு இலக்கணத்தில் இருந்தது.

வந்து.
எடுத்து.
எழுதி.
முற்று வரும்வரை ஒற்றைக்காலில் நிற்கும் சொற்கள்.
வட்டில் எழுதப் போன இழையும்
பாதி வாக்கியத்தில் கண்ணயர்ந்திருக்கிறது,
தட்டை மேசைமேல் வைத்துவிட்டு.
அடுத்தது எழுந்தது. தட்டு சும்மா கிடக்கிறதென்று நினைத்தது.
ஒருத்தன் “எடுத்து” என்று விட்ட இடத்தில்
இன்னொருத்தன் “கொடுத்தான்” என்று முடித்திருக்கிறான்.
வாக்கியத்தில் பிழையே இல்லை.
அதனால்தான் எந்தச் சோதனையும் கத்தவில்லை.

ரியாசுதீனை எழுப்பினேன்.
“உன் தட்டில் எச்சில்.”
வெகுநேரம் பேச்சில்லை. பிறகு,
“எவனுது?”

தட்டை மேசையில் வைக்காதே,
அந்தந்த இழையின் மடியில் கட்டு.
அது தூங்கினால் தட்டும் கூடத் தூங்கட்டும்,
செத்தால்தான் பிரிக்க வேண்டும்.
உண்டுகொண்டிருக்கும்போதே
உள்ளுக்குள் இன்னொரு பந்தி விழுந்தால்
அதற்கு மட்டும் இலை போடு.
அப்புறம் ஒன்று, இதை அடிக்கோடிட்டேன்:
சண்டை போட்டு எழுந்து போனாலும்
கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போ.

ஒன்றேகாலுக்கு மொட்டை மாடி.
வெல்ல வாசனைகூட உறங்கியிருந்தது.
வடக்கே இருட்டுக்குள் ஏற்காடு மலை.
யாரோ ஒருத்தர் இந்நேரத்தில் மேலே போகிறார்.
வெளிச்சம் ஒரு கொண்டை ஊசியில் மறையும்,
கொஞ்சம் உயரத்தில் வரும், மறுபடி மறையும்.
ஏழாவது முறை வந்தது
அதே வண்டிதானா என்று
இங்கிருந்து எப்படிச் சொல்ல?

திருத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.
காகாபாளையத்துக் கணக்கைப் பின்னோக்கித் திருப்பிவிட்டேன்.
அந்த இரண்டு லோடுக்கு மட்டும்
எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.
விடியட்டும்.
சென்றாயனுக்கு போன் செய்து