அடுத்தவன் கணக்கில்

காளைத் தொழுவம் என்று அதற்குப் பெயர்.
காளை கிடையாது. இடது மூலை வேலியையொட்டி
ஒரு பெஞ்சு, ஆறு பேர், சுவரில் தொலைபேசி.
சூரியகாந்தி விதையை மென்று துப்புவதுதான்
ஐந்தாறு இன்னிங்ஸ் வரைக்கும் அங்கே உத்தியோகம்.
நான் இவர்களுக்குப் பந்து பிடித்துப்போடுகிறவன்,
ஆட்டத்தில் ஒருநாளும் இறங்காத கேட்சர்.
மணி அடித்தால் எடுப்பதும் நான்தான்.

அந்த ஜூனில் மணி அடித்தாலே
எல்வின் மான்சுவேட்டாவுக்குத்தான்.
டொமினிக்கன் பையன், பத்தொன்பது வயது.
மொன்டானாவில் ஜூன் இரவும் குளிரும் என்று
யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.
கம்பளிக் காலுறையின் நுனியை வெட்டி
எறிகிற கைக்கு மட்டும் மாட்டிக்கொள்வான்.
பத்துப் பந்தில் சூடேறிவிடும். பதினொன்றாவது
என் கையுறைக்குள் விறகு பிளக்கிற சத்தம்.

ஆட்டத்தைத் தொடங்குகிறவன் வேறொருவன்.
அவன் கை ஓய்ந்து, மூன்று பேஸிலும்
எதிரணி ஆள் நிற்கும்போது
உள்ளே போகிறவன் எல்வின்.
நிற்கிற மூவரையும் வாரிசாக வந்தவர்கள் என்போம்.
அவர்கள் ஓடி வீடு சேர்ந்தால்
ரன் எழுதப்படுவது போனவன் பேரில்,
வந்தவன் பேரில் அல்ல.
எவன் கண்ட சட்டமோ.

கார்ல் ஹாஃப்ஸ்டெட்டருக்கு இருபத்தாறு.
இந்த மட்டத்தில் அது கிழடு.
எல்வினும் அவனும் ஒரே நிலவறையில் வாடகைக்கு.
இவனுக்கு அவன் மொழி இருபது சொல்,
அவனுக்கு இவன் மொழி அதிலும் பாதி.
சோற்றுக் குக்கர் பொது.

செவ்வாய்க்கிழமை, ஆறாவது இன்னிங்ஸ்.
இரண்டு பேர் அவுட், மூன்று பேஸும் நிறைந்திருந்தது.
மணி அடித்தது.
கார்ல் பந்தை எல்வின் உள்ளங்கையில் வைத்து
விரல்களை ஒருமுறை மூடிவிட்டுப் போனான்.
முதல் பந்து வழுக்கியது.
வலது வேலியின் அடியில் போய் மோதி நின்றதை
எடுத்து எறிவதற்குள்
மூன்று பேரும் வீட்டில்.
அடுத்தவனை மூன்றே பந்தில் முடித்தான்,
யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் தாளில் இருந்தது:
மான்சுவேட்டா, இன்னிங்ஸில் மூன்றிலொரு பங்கு, ரன் பூஜ்யம்.
ஹாஃப்ஸ்டெட்டர், ஆறு.

காலையில் மேனேஜர் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.
முதலில் போனவன்
பூட்ஸை மளிகைக்கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.
அடுத்துப் போனவன்
ஒரு படி மேலே போகிற டிக்கெட்டோடு வந்தான்,
அதைப் பின்பாக்கெட்டில் மடித்து மடித்து
தீப்பெட்டி அளவாக்கியிருந்தான்.
பஸ் நிலையம் மூன்று மைல். எல்வினிடம் வண்டி இல்லை.
கார்ல்தான் கொண்டுபோய் விட்டான்.
வழியில் நிறுத்தி அவனுக்கு
ஒரு சாண்ட்விச் வாங்கிக்கொடுத்தானாம்.
குக்கரை யார் எடுத்துக்கொள்வதென்று மட்டும்
கொஞ்சம் தகராறு.

மூன்றாம் வருஷம், ஆகஸ்ட்.
பெரிய லீகில் எல்வின் இறங்கிய முதல் இரவு
நாங்கள் பெஞ்சில் வானொலியோடு இருந்தோம்.
ஒருவனை அவுட்டாக்கினான்.
இரண்டு பேரை நடக்கவிட்டான்.
மேனேஜர் வந்து பந்தை வாங்கிக்கொண்டார்.
அடுத்து வந்தவன், பாவம், வேகம் குறைந்த ஒன்றைப் போட
இரண்டு பேரும் வீடு சேர்ந்தார்கள்.
எல்வின் பேரில் இரண்டு.
சராசரி ஐம்பத்துநாலு.
எங்கள் பையன்கள் வானொலியை அணைக்கப் போனார்கள்.
விடு, ஓடட்டும் என்றேன்.

மறுநாள் மாலை என் போனில் ஒரு படம்.
ஸ்கோர்போர்டில் 54.00, அதன் கீழே அவன் கட்டைவிரல்.
கார்லுக்கும் அனுப்பியிருக்கிறான்.
விஸ்கான்சினில் பால்வண்டி ஓட்டுகிற கார்ல்
பதில் போட்டிருந்தான், அதையும் சேர்த்து அனுப்பியிருந்தான்:

‘இன்னும் ஒன்று பாக்கி.’

சிரித்துக்கொண்டிருந்தேன்.
சுவரில் மணி அடித்தது.
எடுத்து, யாரை என்று கேட்டேன்.