நேற்றைய டீசல்

ஆதம்லெவ்வைக் காக்கா,
பில்லை மடிச்சுத் தராதீங்க.
விரிச்சு வரப்பில வெச்சுப் பார்ப்பம்.
காத்துக்குப் பறக்காம
ஒரு மூலைக்கு உங்கட போன்,
மற்ற மூலைக்கு என்ட தண்ணிப் போத்தல்.

மூண்டு ஏக்கர்.
ஏக்கருக்குப் பதினாறாயிரம்.
போன கிழமை பக்கத்து வயல் வேலாப்போடிக்குப்
பதினாலு.
ஒரே மெசின், ஒரே வட்டை,
அதே டிரைவர், அவன்ட போனில அதே பாட்டு.
என்ன மாறினது?

டீசல் எண்டு சொல்றீங்க.
ஓம், ஏறினதுதான்.
நாவிதன்வெளி முழுக்க நித்திரையில கிடக்க
நேத்து நடுச்சாமம் ஏறினது,
லீற்றருக்கு நாப்பது ரூபா.
ஆனா உங்கட தாங்கியில கிடக்கிறது
நேத்துப் பின்னேரம் சம்மாந்துறைச் செட்டில அடிச்சது.
நீல பரல் ரெண்டோட நீங்க வரிசையில நிண்டதை
என்ட மகன் கண்டவன்.
மெசின் குடிக்கிறது நேத்தைய எண்ணெய்,
எனக்கு ஏன் இண்டைய விலை?

நீங்க சிரிக்கிறீங்க.
"தங்கச்சி, இண்டைக்கு இதை எரிச்சுப்போட்டு
நாளைக்கு எந்த விலைக்கு நான் நிரப்புற?"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரல்ல.
வெட்டின தாளுக்குள்ள ஒரு கொக்கு
தவளை தேடிக்கொண்டு நிண்டது.
அதுக்கு ஒரு விலையும் ஏறல்ல.

மறுகா விரல் மடிச்சன்.
ஏக்கருக்குப் பன்னிரண்டு லீற்றர் குடிக்குமாம்,
உங்கட பொடியன் சிறாஜ்தான் சொன்னவன்.
பன்னிரண்டு தரம் நாப்பது
நானூற்றி எண்பது.
நீங்க ஏத்தினது ரெண்டாயிரம்.
மிச்சம் ஆயிரத்து ஐந்நூற்றி இருபதையும்
எந்தத் தாங்கியில ஊத்தினீங்க காக்கா?

அப்பதான் கதை வெளிய வந்தது.
லீசிங்காரன் ரெண்டு தரம் வீட்டுக்கு வந்திட்டான்.
பெல்ட் அறுந்தது.
வெல்லாவெளியில மூண்டு நாள் சேத்துக்குள்ள தாண்டு கிடந்து,
இன்னொரு மெசின் வந்து இழுத்ததுக்கு அதுக்கும் கூலி.
"அந்தக் காசை நான் ஆரிட்டக் கேக்கிற?"

வெல்லாவெளிச் சேத்துக்கு
நாவிதன்வெளியிலயா பில்?
உரத்துக் கேட்டுட்டன் போல.
சாக்குத் தைச்சுக்கொண்டிருந்தவனுகள்
ஊசியை நிப்பாட்டித் திரும்பிப் பார்த்தானுகள்.

சிறாஜ் ஒண்டும் பேசாமப் போய்
கம்பை எடுத்துக்கொண்டு வந்தான்.
விடிய வெட்டத் தொடங்கமுதல் தாங்கிக்குள்ள விட்டு
கத்தியால ஒரு அடையாளம் போட்ட கம்பு.
இப்ப திரும்ப விட்டெடுத்து
ஈரம் நிண்ட இடத்தில நகத்தால கீறினான்.
ரெண்டு கீறலுக்கும் நடுவில
ஒரு சாண், நாலு விரல்.
நாப்பத்திரண்டு லீற்றர் எண்டான்.

மூண்டு ஏக்கருக்கு
முப்பத்தாறுதானே வரவேணும்?

நீங்க என்னைப் பார்க்கல்ல காக்கா.
கிழக்கு வரப்பைப் பார்த்தீங்க.
அதுக்கு அங்கால அரை ஏக்கர்த் துண்டு,
மழைக்குச் சாய்ஞ்சு மண்ணோட ஒட்டின நெல்லு.
அதையும் கோதிக் கோதி வெட்டினது
உங்கட மெசின்தான்.
மூண்டு எண்டு உங்களிட்டச் சொன்னது நான்.
கமநலக் கந்தோரில உரமானியத்துக்கு
மூண்டரை எண்டு எழுதினதும் நான்தான்.

பேனையைத் தாங்க.

மூண்டரை ஏக்கர்.
பதினாலாயிரத்து நானூற்றி எண்பதுப்படி
ஐம்பதாயிரத்து அறுநூற்றி எண்பது.
நாப்பத்தெட்டாயிரத்துக்குச் சண்டைக்கு வந்தவள்
என்ட கையாலயே
ரெண்டாயிரத்து அறுநூற்றி எண்பது கூட்டி எழுதினன்.
தைக்கிறவனுகள் சிரிச்சானுகள்.
எனக்கும் சிரிப்பு வந்தது,
வயிறு எரிஞ்சுகொண்டே வந்தது.

"எண்பதை விடுங்க" எண்டு சொல்றீங்க.
விட ஏலாது. அதுவும் கிடக்கட்டும்.
அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கு, வாசிங்க:
டீசல் இறங்கினா
அடுத்த போகம் கூலியும் இறங்கும்.
அதுக்குப் பக்கத்தில ஒரு கையெழுத்து.

ஏறின அண்டைக்கே ஏத்தின கை
இவ்வளவு நேரமாப் பேனையைப் பிடிச்சுக்கொண்டு
அந்த வரிக்கு மேல நிக்குது.

மெசின் சும்மா உறுமிக்கொண்டு நிக்குது காக்கா,
அதை முதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க.
இந்த எண்ணெய்
ஆற்ற கணக்கு?