ஒரே ஆள்

லிந்துலை பஸ் நிலையத்துக்கு எதிரே
அருளப்பன் மருந்துக்கடை.
பலகையில் மருந்துக்கடை சின்ன எழுத்து,
சமாதான நீதவான் பெரிய எழுத்து.
அவர் செத்துப் பதினோரு வருஷம் கழித்து
மருமகன் என் மேசையில் இறக்கினார்
பிஸ்கட் பெட்டியில் பதினேழு பதிவேடு,
எலி தின்றது போக.

என் வேலை ஒப்பிடுவது.
மூலத்தோடு பிரதியை. அவ்வளவுதான்.

1967. வீராயி, வீரம்மா,
தோட்டத்துக் கிளாக்கரின் பேனாவில் வீரமலை,
மூவரும் ஒரே ஆள். கட்டணம் ஐம்பது சதம்.

1971. பிறந்த தேதி தெரியாது.
துரையின் குதிரை செத்த வருஷம் என்கிறாள் தாய்.
1938 என்று எழுதினேன்.

எழுபத்தேழு ஆவணியில்
பன்னிரண்டு நாள் வெறும் தாள்.
பிறகு ஒரே நாளில் நாற்பத்தொரு சத்தியக் கடதாசி,
எல்லாம் "எரிந்து போனது".
கட்டணக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை
ஒரே கோடு.

1979. கொழுந்துத் தராசு பொய் சொல்கிறது என்று
நாலு பேர் முறைப்பாடு, நாலு கைநாட்டு, ஊதா மை.
விளிம்பில் பென்சிலில்:
துரையிடம் போனேன். தேத்தண்ணி தந்தார்.
அதற்கு மேல் ஒன்றுமில்லை.

காலையிலிருந்து வாங்கில் ஒரு பெண்.
மலையாண்டி மகள் புஷ்பகாந்தி.
ஏழு பேர்ச் காணிக்குத்
தகப்பனின் பேரை நிரூபிக்க வேண்டும்.
குடையிலிருந்து வடிந்த தண்ணீர்
என் கதவு வரை வந்துவிட்டது.

பதினான்காம் பதிவேடு, இலக்கம் 412.
1982, ஐப்பசி.
"மலையாண்டி என்பவரும் சின்னாண்டி என்பவரும்
ஒரே ஆள் என்பதை நான் நேரில் அறிவேன்."
கீழே ஒரு பெருவிரல்.
மலையாண்டிக்குப் பிரஜாவுரிமை இருந்தது.
சின்னாண்டியின் பேர்
தலைமன்னார்க் கப்பல் பட்டியலில் இருந்தது.

அதே பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன்.
புரட்டாமல் இருந்திருக்கலாம்.
தராசு முறைப்பாட்டின் நாலு கைநாட்டில்
இரண்டாவது மலையாண்டி, மூன்றாவது சின்னாண்டி,
பக்கத்தில் பக்கத்தில்.
ஒன்றில் கவ்வாத்துக் கத்தி வெட்டிய தழும்பு
குறுக்கே வெள்ளைக் கோடாய் ஓடுகிறது.
மற்றதில் ஒன்றுமில்லை.
412இன் பெருவிரலிலும் ஒன்றுமில்லை.

இரண்டுக்கும் நடுவில், 1981, வைகாசி மழை:
"ஐந்தாம் மலையில் மண்மேடு சரிந்து ஓர் ஆண் மரணம்.
அடையாளம் காணப்படவில்லை."
எழுதியவர் அருளப்பன்.
எட்டு மலையிலும் பிள்ளைகளின் பேர்,
அவர்களின் இருமல் மருந்தின் பேர்வரை தெரிந்தவர்.
அந்த ஒரு வரியில் மட்டும்
எழுத்து நேராக நிற்கவில்லை.

முரண்பாடு இருந்தால் மேலிடத்துக்கு அறிவிக்கவும்,
சுற்றறிக்கை, மூன்றாம் பந்தி.

அவளை உள்ளே கூப்பிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்:
அப்பா கையில் வெட்டுத் தழும்பு இருந்ததா?

"இல்ல மிஸ், அது பெரியப்பாவு..."

வாயைப் பொத்திக்கொண்டாள்.
வெளியே கொழுந்து லொறி ஒன்று
வளைவில் ஹோர்ன் அடித்துப் போய் முடியும்வரை
நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தேன், சரி.
தேதி எழுதினேன்.
முத்திரை காய்ந்திருந்தது.
வாயருகே வைத்து ஊதி
அழுத்தினேன்.