எந்த மாடி

மானிடவியல் என்றால்
எலும்பு தோண்டுகிற வேலையோ என்று கேட்ட
கல்யாணத் தரகருக்கு
இப்போது சொல்லிவிடலாம்:
லிப்ட் பார்க்கிற வேலை.

தெமட்டகொடையில் பதினான்கு மாடி.
கொம்பனித்தெருத் தோட்டமொன்றை உடைத்து
ஆட்களை அடுக்கிய கட்டடம்.
மாதம் மூன்று தடவை லிப்ட் நின்றுவிடுகிறது.
மெக்கானிக் பார்த்தார், கேபிளில் பிழை இல்லை.
கமெரா பூட்டினார்கள்,
அதன் கண்ணில் யாரோ சுவிங்கம் ஒட்டினார்கள்.
பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்,
நாட்கூலிக்கு.

ஆறு வாரம்.
காலை ஐந்தரைக்குப் பன்னிரண்டாம் மாடியில்
ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு கொப்பி.
முதல் நாள் மின்சாரசபை ஆளென்று நினைத்து
மூன்று வீட்டில் வயரைக் கழற்றினார்கள்.
இரண்டாம் வாரம் பிளேன்டீ வந்தது.
மூன்றாம் வாரம் ஒரு சண்டைக்கு
என்னைச் சாட்சி கேட்டார்கள்.
பேராதனையில் இதற்கொரு பெயர் இருந்தது,
மறந்துவிட்டேன்.

பழுதின் காரணம் நாலாம் நாளே தெரியும்:
இடது கால் பாட்டாச் செருப்பு.
கதவு மூடும் இடத்தில் அதை வைத்துவிட்டு
லிப்டுக்குள் இருந்து
இடியப்பம் விற்கிறா ஜெசீமா ராத்தா.
கதவு வந்து, முட்டி, திரும்பிப் போகும்
கடன் கேட்க வந்து கேட்காமல் போகிறவன் மாதிரி.
கீழே நிற்பவர்கள் பொத்தானை அமத்தி அமத்தி ஏசுவார்கள்.
ஏசி முடிந்ததும் அதே குழாய் வழியே
"எனக்கும் பத்து வைங்க!"

"கடை எங்க ஈந்திச்சி முந்தி?"
"ஒழுங்கேல.
இப்ப ஒழுங்கை மேலயும் கீழயும் போகுது,
வேறென்ன?"
பிறகு அவ கேட்டா:
"இதெல்லாம் எழுதத் தாராங்களா சல்லி?"
"ஓம்."
"எவ்வளவு?"
பாதியாக்கிச் சொன்னேன்.
என் முகத்தைப் பார்த்தா.
அன்றைக்குத்தான் முதன்முதலாக
என்னிடம் இடியப்பத்துக்குக் காசு வாங்கினா.

புத்தகம் எழுதுகிறவர்கள் பெயரை மாற்றுவார்கள்,
ஊரை மாற்றுவார்கள், தப்பிவிடலாம்.
என் வாசகர் ஒரே ஒருவர்.
கட்டடத்தின் வரைபடம் அவரிடம்,
சாவிக்கொத்தும்.

கோட்டையில், கடல் தெரிகிற குளிரறையில்
செருப்பை "இடைநிறுத்தும் நடைமுறை" என்றேன்.
ஒழுங்கையை "செங்குத்துப் பொதுவெளி" என்றேன்.
தலையாட்டினார்கள்.
மூன்று மாடிக்கு ஒரு மேசை, ஒரு பல்ப்,
கதவு மூட இன்னும் நாற்பது செக்கன் என்றேன்.
நாற்பதை மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

"அருமை," என்றார் திலங்க.
"இது எந்த மாடி?"

கொப்பியைப் புரட்டினேன்.
பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு,
ஒரு பக்கத்தில் சம்பல் எண்ணெயோடு பன்னிரண்டு.
"என்ர எழுத்து எனக்கே விளங்கேல்லை," என்றேன்.

தரவு முழுமையில்லை என்று
இரண்டு நாள் கூலி வெட்டினார்கள்.
அது எத்தனை இடியப்பம் என்று
பஸ்ஸில் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
பொரளை தாண்டியும் முடியவில்லை.