துபாசி

பாபுராவ் தெரு லாட்ஜின் மொட்டைமாடிக்கு
சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னாள்
தாணேக்காரி ஸிபோரா பென்கர்.
சப்பாத் நாளில் காசைத் தொடமாட்டாளாம்.
ஞாயிறன்று தொடுவாயா என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் வேலை நாக்கு.
டாக்டர் சொல்வதை இவர்களுக்கு,
இவர்கள் சொல்லத் தெரியாததை டாக்டருக்கு.

"தோராச் சுருள் ஊரில் இருக்கிறது, பத்துப் பேரும் அங்கேதான்.
இங்கே அச்சுப் புத்தகம் போதும்" என்றாள்.
"அங்கே ஓதும்போது பாதிப் பேர் தூங்குவார்கள்,
மீதிப் பேர் கல்யாணம் பேசுவார்கள்.
அதனால்தான் நாடகம்.
அதனால்தான் நீ."

எபிரேயத்தில் ஒரு வரி இழுத்து ஓதுவாள்,
அதையே இந்தியில் சொல்வாள்.
நான் தமிழில், பிறகு வங்காளத்தில்.
பழைய முறை; அவர்கள் பக்கம் விட்டுப்போனது.
விதிகள் உண்டு:
நான் புத்தகத்தைப் பார்க்கக் கூடாது,
தூணில் சாயக் கூடாது,
ஓதுகிறவள் குரலுக்கு மேலே என் குரல் போகக் கூடாது.
"சில வரிகளை ஓதலாம், பெயர்க்கலாகாது."

மாடியில் தூண் ஏது?
தண்ணீர்த் தொட்டியில் சாயாமல் நின்றேன்.

ஈரப் போர்வைகளுக்கு இடையே எகிப்து.
மஞ்சள் துண்டு போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலி யோசேப்பு.
எனக்கும் மொதாலேபுக்கும் அவர் யூசுப்;
கதை தெரிந்ததுதான்.
மொதாலேப், நிமாய் மண்டல், தீபேன் கலிதா,
இன்னும் பெயர் கேட்காத இரண்டு பேர்: சகோதரர்கள்.
வாயிற்காவலன் வேஷம் யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டார்
லாட்ஜ் மேனேஜர் காத்தவராயன்.
போளூர்ப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்த உடம்பு.
"யாருய்யா நீங்கள்லாம்? எந்த ஊரு? எத்தினி நாளு?
பாஸ்போர்ட்டக் காட்டு, சி ஃபார்ம் போடணும்!"
ஸிபோரா புத்தகத்தால் வாயை மூடிச் சிரித்தாள்.

கானானிலிருந்து, தானியம் வாங்க.
அதுதான் வரி.
மொதாலேப் சொன்னார்: போரிசாலிலிருந்து, ரத்தம் வாங்க.
பெயர்த்தேன்.
அவள் திருத்தவில்லை.

அடுத்து நாற்காலிக்காக அவளே ஓதினாள்:
சின்னத் தம்பியைக் கூட்டி வாருங்கள்,
அப்போதுதான் நம்புவேன்.

என் நாக்கு ஒரு நொடி நின்றது.
வியாழக்கிழமை, மூன்றாம் மாடியில்,
இதே மொதாலேபுக்கு இதே வாக்கியத்தைச் சொன்னவள் நான்.
டாக்டர் இன்னும் மென்மையாகத்தான் சொன்னார்:
நோயாளிக்குக் கடைசித் தம்பியின் மஜ்ஜை பொருந்தலாம்.
மொதாலேப் அன்று தரையைப் பார்த்தார்.
இன்று நாற்காலியைப் பார்த்தார்.

ஸிபோரா ஓதினாள்:
நம்மிடம் அவன் கெஞ்சினான், நாம் கேட்கவில்லை.

நான் வங்காளத்தில் முடிப்பதற்குள்
மொதாலேப் பேசத் தொடங்கிவிட்டார்.
போரிசால் பேச்சு, வேகமாக, எங்களில் யாருக்கும் அல்லாமல்.
ஒரு ஆற்றின் பெயர் வந்தது.
ஒரு கைநாட்டு வந்தது.
தம்பியின் பெயர் மூன்று தடவை.
நிமாய் மண்டல் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றார் காத்தவராயன்.
ஸிபோராவும் என்னைப் பார்த்தாள்;
அவளுக்கு வங்காளம் தெரியாது.

பெயர்க்கலாகாது, என்றேன்.

அவள் தலையசைத்து அடுத்த வரிக்குப் போனாள்:
அவனுக்குப் புரிகிறதென்று அவர்கள் அறியவில்லை;
நடுவில் ஒரு துபாசி நின்றான்.

"அவனுக்குப் பெயர்?"
"இல்லை."
"வசனம்?"
"அதுவும் இல்லை."

பிறகு யோசேப்பு அவர்களைவிட்டுத் திரும்பி
அழவேண்டும்.
நாற்காலி எப்படி அழும் என்று
எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
காத்தவராயன் எழுந்துபோய்
சத்தமில்லாமல் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.
நழுவிய துண்டை எடுத்து மறுபடி போர்த்தினார்.

படியிறங்கும்போது மொதாலேப் கேட்டார்,
இப்போது அங்கே மணி என்ன இருக்கும்?
அரை மணி கூட, என்றேன்,
வங்காளத்தில் மட்டும்.