பக்கவாட்டில் ஒரு டார்ச்

அவள் பேர் லூஸ்.
ஏணியைப் பிடித்திருந்த எபினேசர் சிரித்துவிட்டான்.
நமக்கு அது வசவு,
கொஞ்சம் குறுக்கினால் மயிலாப்பூரில் பஸ் ஸ்டாப்.
ஸ்பெயின்காரன் அவள் ஊரில் விட்டுப்போன பாஷையில்
வெளிச்சம் என்று அர்த்தமாம்.

நான் விளக்குக்காரன்.
கிரீம்ஸ் ரோட்டில் கண்காட்சி என்றால்
எந்தப் படத்துக்கு எத்தனை வாட்ஸ், எவ்வளவு சாய்வு,
என் பாடு.

மணிலாவிலிருந்து வந்த பெட்டி
துறைமுகத்தில் பதினோரு நாள் கிடந்தது.
பழையதா புதியதா என்று கஸ்டம்ஸ் கேட்டதற்கு
இவள் "ஆமாம்" என்று எழுதிக்கொடுத்தாளாம்.
மணிலா என்றால் எனக்கு வேர்க்கடலை.
மூட்டை பிரிக்கிற நினைப்பில்தான் ஆணி பிடுங்கினேன்.

உள்ளே ஆளுயரத்துக்குத் தார்.
அதன்மேல் ஜீப்னி வண்டியின் தகர நெற்றி,
கிழிந்த உரச்சாக்கு,
மரப் புனிதர் ஒருவரின் இடது கை மட்டும்.

"இதுக்கு லைட் எப்படிப் போட?"
"போடாதே."
இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

டீ வந்தபோது சொன்னாள், பாதி இங்கிலீஷ், பாதி கை:
ஒரு காலம் முழுக்க அங்கே வெயிலைத்தான் வரைந்தார்கள்.
நாற்று நடுகிறவளுக்குப் பின்னால் சூரியன்,
தலைத்துணி ஓரத்தில் பொன் ஜரிகை,
யாருக்கும் வியர்க்காது.
பேங்க் காலண்டரில், பல் டாக்டர் சுவரில்
அதே மத்தியானம்.
பிறகு வந்தவர்கள் கோபத்தில் குப்பைமேட்டை வரைந்தார்கள்,
முகங்களைக் கோணலாக்கினார்கள்.
அதுவும் காலண்டராகிவிட்டது.
"அப்ப நீ?"
டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்றாள்.

ஐந்து மணிக்குக் கரண்ட் போனது.
விழுந்த திருப்புளியைத் தேட
போன் டார்ச்சைச் சுவரோரம் கிடத்தினேன்.
தார் மேடும் பள்ளமுமாய் எழுந்தது.
முதலில் ஒரு கூடை.
கூடை பிடித்த முழங்கை.
குனிந்த முதுகு, தலைத்துணி,
வரப்பு வரப்பாய்த் தூரிகைத் தடம்.
அந்த மத்தியானம் முழுசாய் அடியில் இருந்தது,
சுரண்டாமல்.
புனிதரின் கை
நடுகிறவள் தோளில் பதிந்திருந்தது.

"லூஸ்!" என்று கத்தினேன்.
எபினேசர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"விளக்கை இப்படியே வச்சிடவா?"
"வேண்டாம்.
எதையாவது தொலைச்சவங்க பார்க்கட்டும்."

கரண்ட் வந்தது. தார் மறுபடி தார்.
மற்றதெல்லாம் சாய்த்து முடித்து
அதன் தலைமேல் இருந்த பல்பை மட்டும்
கைக்குட்டையால் பிடித்துக் கழற்றினேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம்.
"லஸ், லஸ்" என்று கண்டக்டர் கூவினார்.
நான் இறங்க இன்னும் நாலு ஸ்டாப்.
எழுந்து நின்றுவிட்டேன்.