தேநீர் சாயும் பக்கம்

தலைக்கு மேல் கடன் என்றால்
சீரீஸ் வளையத்தில் யாரும் திடுக்கிடுவதில்லை.
இங்கே தலைக்கு மேல்
எதிர்வீட்டுக்காரரின் தரை.
அண்ணாந்தால் அவர் உச்சந்தலை தெரியும்,
கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கடனும்.

எனக்கு லாம்ஸிராவிடம் கடன்.
மூச்சு மணிக் கணக்கில் நாலாயிரத்து அறுநூறு,
வட்டி தனி.
காற்று வடிகட்டி துவைக்கும் கடை அவளுடையது.
முன்னறையில் சோப்பு வாசனை,
பின்னறையில் பகடை.
வசூலுக்கு வருகிறவன் கதவைத் தட்டுவதில்லை.
வாசலுக்கு வெளியே காற்றுக்குழாயின் திருகை
ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
விசிலடித்தபடி போவான்.
ஒரு சுற்றுக்குக் கொட்டாவி வரும்.
இரண்டு சுற்றுக்கு என்ன வரும் என்று
ஒன்பதாம் சந்தில் ருஸுதான் வீட்டாரைக் கேட்கலாம்,
யாராவது மிச்சமிருந்தால்.

வளையத்தைச் சுழற்றுவது என் வேலை.
இரண்டு லட்சம் பேரைத் தரையில் நிற்கவைப்பது
என் கையிலுள்ள ஒரு விசை.
அவள் கேட்டது சின்ன உதவி:
"அய்கானிஷ், சேதி வந்ததும்
ஒரு மயிரிழை வேகம் கூட்டு.
பிறகு குறைத்துவிடு.
யாருக்கு என்ன நஷ்டம்?"

ஒரு பகடை
நிற்க வேண்டிய முகத்தில் நிற்காமல்
இன்னொரு தரம் புரள்வதற்காக
ஊரே சாய்ந்தது, ஊருக்குத் தெரியாமல்.
பள்ளிக்கூடத்தில் நேர்கோடுகள் வளைந்தன,
பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைந்தது.
நடை பழகும் குழந்தைகள்
ஒரே பக்கமாக விழுந்தன.
முடிதிருத்தும் பாவ்லே
ஒரு கிருதாவை அரை விரல் ஏற்றிவிட்டு
தன் கைநடுக்கத்தைத் திட்டிக்கொண்டான்.

சாதுர்னினோ மட்டும் தோற்கவில்லை.
பனி வெட்டுகிறவன், ஒருரோ ஊர்க்காரன்,
பதினேழு இரவுகள்.
மேசையோரம் தேநீர் வைத்துக்கொள்வான்.
குடிக்க மாட்டான்.
வளையம் பெரிது,
திரும்பு என்றதும் திரும்பிவிடாது.
பந்தயம் மூடும் மணி அடிப்பதற்கு முன்பே
என் விசை அதன் உடம்பில் ஏறத் தொடங்கியிருக்கும்.
கோப்பை விளிம்பில் தேநீர்
ஒரு நகக்கண் அளவு உயரும்.
அப்போது காசைத் தள்ளுவான்.

தேநீர் காட்டிக்கொடுக்கும் என்று
லாம்ஸிராவுக்குத் தோன்றவில்லை.
அவள் தொழிலில்
காட்டிக்கொடுப்பது மனிதர்கள்தான்.
ஈர வடிகட்டிகளுக்கு நடுவே
என்னை உட்காரவைத்தார்கள்.
நீ சொன்னாயா?
நீ இல்லையென்றால் யார்?
திருகில் கைவைத்தபடி ஒருவன்
விசிலுக்கு உதடு குவித்தான்.

ஒரு கோப்பை தேநீர் கொண்டுவரச் சொன்னேன்.
விசையிலிருந்த பையனைக் கூப்பிட்டு
மயிரிழை கூட்டச் சொன்னேன்.
எல்லோரும் குனிந்து பார்த்தோம்.
அது ஏறியது.
லாம்ஸிரா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு எடுத்துக் குடித்துவிட்டாள்.

மறுநாள் பின்னறையில் ஒரு பலகை:
பானங்களுக்கு அனுமதி இல்லை.
சாதுர்னினோவின் படுக்கையில் வேறொருவன் தூங்கினான்.
ஊருக்குக் கப்பலேறிவிட்டான் என்றார்கள்.
பயணிகள் பட்டியலைத் திறக்க
எனக்கு அனுமதி உண்டு.
இன்னும் திறக்கவில்லை.
என் கணக்கில் அறுநூறு மணி கழிந்திருந்தது.
நான் கேட்கவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்றிரவு எனக்கு விடுப்பு.
விசையறை பூட்டியிருக்கிறது,
இருப்பது ஒரே சாவி, என் கழுத்தில்.
சன்னலோரம் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு
விளக்கணைக்கப் போனேன்.
தண்ணீர்
ஒரு நகக்கண் அளவு ஏறியது.
நான் சாய்க்கும் பக்கம் அல்ல.
மறுபக்கம்.